பெயர் மட்டும் மிஞ்சிய மூதாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆலயப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழியாக ஒரு முழு வழிகாட்டி

குடும்ப மரம் வரைய உட்கார்கிற எல்லோருக்கும் ஏதோ ஓர் இடத்தில் பேனா நின்றுவிடும். பாட்டியின் பாட்டி பெயர் தெரியும், அவளுடைய தகப்பன் யார் என்று தெரியாது. அல்லது ஓர் ஆள் முப்பது வயதில் திடீரென்று ஓர் ஊரில் முளைத்திருப்பார். கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, அங்கேயே அடக்கமும் ஆகியிருப்பார். அதற்கு முன்பு எங்கே இருந்தார், யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

இப்படிப்பட்ட ஓர் ஆளைத் தேடி நானும் நீண்ட காலம் செலவழித்திருக்கிறேன். பெயரும் வயதும் பொருந்துகிறதே என்று வேறு யாரோ ஒருவரின் பெற்றோரை எங்கள் மரத்தில் ஒட்டவைத்து, அவர்களுக்கும் மேலே இரண்டு தலைமுறை ஏறிவிட்டேன். பிறகு ஒருநாள், நான் பிடித்து வைத்திருந்த அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்து அடக்கமான வரியைப் பார்த்தேன். அத்தனையும் அழிக்க வேண்டியதாயிற்று. அன்று புரிந்ததுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை: மர்மமான ஆள் தன்னைப் பற்றிப் பேசமாட்டார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் பேசுவார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானப் பெற்றோர், அடுத்த வீட்டுக்காரர், கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் தேடினால் அவர் தானாக வெளியே வருவார்.

முதலில் ஓர் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். ஆலயப் பதிவேடு, ஆள்பெயரோடு கூடிய கணக்கெடுப்பு ஆகிய இரண்டும் கைக்குக் கிடைக்கிற நாடுகளில்தான் இந்த முறை முழுதாக வேலை செய்யும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஆகியவை அப்படிப்பட்டவை. அயர்லாந்தில் பாதி உண்டு. இந்தியாவில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரே காலத்தில் கணக்கெடுத்தாலும், வீடுவீடாக எழுதிய படிவங்களைக் குடும்ப வரலாற்றுக்காகத் திறந்து வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் எடுத்துக்காட்டுகளை நான் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து எடுக்கிறேன்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 1841 கணக்கெடுப்பில் ஒரு கிராமத்து வீடு. 60 வயது ஆண், 60 வயதுப் பெண், 30 வயதுப் பெண், 9 வயதுச் சிறுமி எலிசபெத். நால்வருக்கும் ஒரே குடும்பப் பெயர். எலிசபெத்துதான் உங்கள் மூதாதை. அவளுடைய பெற்றோர் யார்? வழிநெடுக இந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவோம்.

படி 1: தெரிந்ததை எழுதுங்கள், சொன்னவர் யார் என்பதோடு

ஒரு தாளில் அந்த ஆளைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது எங்கிருந்து வந்தது, அந்த நேரத்தில் அதைச் சொன்னவருக்கு அது நேரடியாகத் தெரியுமா என்று குறியுங்கள். இறப்புச் சான்றிதழில் இருக்கும் வயதைச் சொன்னவர் இறந்தவர் அல்ல. மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோதான் சொல்லியிருப்பார். கல்லறைக் கல்லில் உள்ள பிறந்த ஆண்டும் அப்படித்தான். திருமணப் பதிவில் உள்ள வயது அவரே சொன்னது, ஆனால் இருபத்தொன்று ஆகாதவர்கள் கூட்டிச் சொல்வதும், மணமகனைவிட மூத்த பெண்கள் குறைத்துச் சொல்வதும் சாதாரணம்.

குடும்பக் கதைகளையும் எழுதுங்கள், ஆனால் தனியாக. "பெரிய பண்ணையார் வீட்டுப் பிள்ளையாம்" என்பது போன்ற கதைகளில் நடந்தது ஒன்று இருக்கும், பெருமைக்காகச் சேர்ந்தது நாலு இருக்கும். கதையைத் தூக்கி எறிய வேண்டாம், அதை வைத்துத் தேடவும் தொடங்க வேண்டாம்.

படி 2: கணக்கெடுப்பின் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. ஒரு வரியைப் படிக்கும் முன் அந்த வரியை எந்த விதிப்படி எழுதினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் 1801 முதல் கணக்கெடுப்பு நடந்தாலும், எல்லோருடைய பெயரையும் எழுதி, அந்த ஏடுகள் நமக்கு முறையாகக் கிடைப்பது 1841 முதல். அந்த ஆண்டு ஜூன் 6 இரவு யார் எந்த வீட்டில் இருந்தார்களோ அவர்களை அங்கே எழுதினார்கள். வழக்கமாக எங்கே குடியிருப்பவர் என்பது கணக்கில்லை. அதனால் அப்பா ஓர் ஊரிலும் அம்மா வேறோர் ஊரிலும் இருந்தால் பிரிந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். அன்றிரவு அம்மா தன் தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: அவளுடைய பெற்றோர் யார் என்று அந்த வீடே காட்டிவிடும்.

1841இல் மூன்று சங்கடங்கள் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆவார், 64 வயதுக்காரர் 60 ஆவார். எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் இதைக் கடைப்பிடிக்கவில்லை என்பது வேறு தொல்லை. இரண்டாவது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் கிடையாது. மூன்றாவது, பிறந்த ஊர் கிடையாது. அதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) பிறந்தவரா, இல்லையென்றால் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு ஆகியவற்றில் பிறந்தவரா என்பது மட்டும்தான்.

இப்போது எலிசபெத் வீட்டைப் பாருங்கள். மேலோட்டமாகப் படித்தால் வயதான தம்பதி, அவர்களுடைய இரண்டு மகள்கள். ஆனால் மூத்த பெண்ணுக்கு 60 முதல் 64 வயது. எலிசபெத்துக்கு 9. அப்படியானால் பிள்ளை பெறும்போது தாய்க்குக் குறைந்தது 50 வயது. நடக்காது என்றே சொல்லலாம். 30 முதல் 34 வயதுள்ள அந்த இளைய பெண்தான் கண்ணில் பட வேண்டியவர். மணமாகாத மகளின் குழந்தையைத் தாத்தா பாட்டி தங்கள் குழந்தையாகவே வளர்ப்பது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. எலிசபெத் தன் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டே வளர்ந்திருக்கலாம்.

1851 முதல் உறவு, மணநிலை, பிறந்த ஊர், சரியான வயது எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனாலும் உறவுச் சொற்களை நம் காலத்துப் பொருளில் படிக்கக் கூடாது. மருமகன் என்பதற்கான சொல்லையே மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனுக்கும் எழுதினார்கள். பத்து வயதுப் பையன் "மருமகன்" என்று இருந்தால் கலங்க வேண்டாம், அவன் மாற்றான் பிள்ளை. கசின் என்றால் தூரத்து உறவு எதுவாகவும் இருக்கலாம். பெயருக்குப் பின்னால் சீனியர், ஜூனியர் என்று இருந்தால் தகப்பனும் மகனும் என்று நினைக்காதீர்கள், ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவருக்கும் இளையவருக்கும் அப்படி எழுதிவிடுவார்கள்.

1911 கணக்கெடுப்பு தனிச் சிறப்புடையது. வீட்டுக்காரர் தன் கையாலேயே நிரப்பிய தாள்தான் அதில் நமக்குக் கிடைக்கிறது. மணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டிருப்பார்கள். ஏழு பேர் பிறந்தார்கள், ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தால், நீங்கள் இதுவரை அறியாத இரண்டு குழந்தைகள் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். அந்த எண்களை முதன்முதலில் பார்க்கும்போது மனம் கனத்துப் போகும்.

அமெரிக்காவில் 1790 முதல் கணக்கெடுப்பு உண்டு. ஆனால் 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான். 1850இல் சுதந்திரமான மனிதர்கள் எல்லோருடைய பெயரும் வந்தது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களை 1850, 1860 ஆகிய இரண்டிலும் தனி ஏட்டில் வயது, பால், நிறம் என்று மட்டும் குறித்தார்கள், பெயர் இல்லை. உறவுக் கட்டம் வந்தது 1880இல்தான். 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும், குடியேறியவர்களுக்கு வந்து சேர்ந்த ஆண்டும் உண்டு. 1940இல் தகவல் சொன்னவர் யார் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருக்கிறார்கள், படி 1இல் சொன்ன கேள்விக்கு நேரடி விடை அது.

படி 3: பத்தாண்டுக்கு ஒருமுறை, விடாமல்

அந்த ஆள் உயிரோடு இருந்த ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அவரைப் பிடியுங்கள். கடைசியில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். பிறந்த ஊரை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொல்லியிருக்க மாட்டார். பக்கத்துப் பெரிய ஊரின் பெயர் ஒருமுறை, கிராமத்தின் பெயர் ஒருமுறை, வளர்ந்த ஊரை ஒருமுறை என்று மாறும். ஒரே ஒரு பதிவை நம்பி ஆலயத்துக்கு ஓடினால் தவறான ஆலயத்தில் நிற்பீர்கள். எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், புள்ளிகள் எங்கே நெருங்குகின்றனவோ அங்கே தேடுங்கள்.

தேடியும் கிடைக்கவில்லையா? பெயரைப் பெயர்த்து எழுதியவர் தவறாகப் படித்திருப்பார். பழைய கையெழுத்தில் எல்லும் எஸ்ஸும், டியும் எஃப்பும் ஒன்றுபோலத் தெரியும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், வயது, பிறந்த ஊர் மட்டும் போட்டுத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் அபூர்வமான பெயருள்ள தம்பியையோ தங்கையையோ தேடுங்கள். எலிசபெத்தை எலிசா, பெட்ஸி, பெஸ், லிஸ்ஸி என்றெல்லாம் எழுதியிருக்கலாம்.

கிடைத்ததும் அச்சான விவரத்தோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். 1841 பக்கத்தில் பெயர்களுக்கு இடையே ஒரு சாய்கோடு இருந்தால் ஒரு குடும்பம் முடிகிறது, இரண்டு இருந்தால் அந்தக் கட்டடமே முடிகிறது. அச்சுப் பிரதியில் இந்தக் கோடுகள் தொலைந்துபோய், இரண்டு குடும்பங்கள் ஒன்றாகத் தெரியும். அப்புறம், முந்தின பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் படியுங்கள். உறவினர்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்த காலம் அது.

1851இல் நம் எலிசபெத்துக்கு 19 வயது. பாட்டி இறந்திருக்கிறார். தாத்தா வீட்டுத் தலைவர். எலிசபெத்துக்கு நேராகப் "பேத்தி" என்று இருக்கிறது. நாம் ஊகித்தது சரி. பிறந்த ஊரும் கிடைத்துவிட்டது. இனி ஆலயம்.

படி 4: ஆலயப் பதிவேட்டை அதன் காலத்தோடு படியுங்கள்

இங்கிலாந்தில் 1538இல் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணையால் ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதத் தொடங்கினார்கள். 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகலை பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஆலயத்து ஏடு எரிந்தோ செல்லரித்தோ போயிருந்தால் அந்த நகல் கைகொடுக்கும். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருப்பதுண்டு. 1640களிலிருந்து 1660 வரை உள்நாட்டுப் போரும் அதற்குப் பிந்தைய ஆட்சியும் பல ஏடுகளில் பெரிய ஓட்டை விட்டிருக்கின்றன.

1754 மார்ச் 25 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு வந்தது. மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் கீறல் போட வேண்டும். கையெழுத்து ஒரு பெரிய பொக்கிஷம். ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருந்தால் கையெழுத்தை ஒப்பிட்டே பிரித்துவிடலாம். திருமணத்துக்கு முன் ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், அதாவது திருமண அறிவிப்பைப் படிப்பார்கள், மணமக்கள் வெவ்வேறு பங்கைச் சேர்ந்தவர்களானால் இரண்டு பங்கிலும் வாசிப்பார்கள். ஓலைப் புத்தகம் தனியாக இருந்தால், மணமகன் எங்கிருந்து வந்தவர் என்பதை அதுதான் சொல்லும். திடீரென்று முளைத்த ஆட்களுக்கு இதைவிட நல்ல தடயம் குறைவு.

1813 முதல் அச்சடித்த படிவங்கள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர், இருப்பிடம், தகப்பன் தொழில். அடக்கப் பதிவில் இருப்பிடமும் வயதும். இதற்கு முந்தைய ஏடுகளில் "ஜானின் மகன் ஜான்" என்று ஒரு வரி மட்டும் இருந்தாலும் வியப்பில்லை. தாயின் பெயர்கூட இருக்காது.

ஞானஸ்நான நாளைப் பிறந்த நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்த சில நாளில் கொடுத்ததும் உண்டு, நாலு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்ததும் உண்டு. முதல் குழந்தை பெரும்பாலும் தாயின் ஊரில் பிறக்கும். அதனால் மற்றப் பிள்ளைகள் ஓர் ஆலயத்தில் இருந்து மூத்தது மட்டும் காணவில்லை என்றால் தாய்வழித் தாத்தா ஊரில் பாருங்கள்.

நாட்காட்டியும் ஏமாற்றும். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1720 டிசம்பருக்கு அடுத்து வருவது 1720 ஜனவரிதான், நம் கணக்கில் அது 1721. இதை அறியாமல் படித்தால் குழந்தை பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறந்ததாகத் தெரியும். சுருக்கெழுத்துகளிலும் பொறி உண்டு. ஜே, என், ஓ என்று மூன்றெழுத்தில் இருந்தால் ஜோனத்தன் என்று படித்துவிடுவோம், அது ஜான்.

கத்தோலிக்க ஏடுகள் 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்ததிலிருந்து வருகின்றன. பெரும்பாலும் இலத்தீன். யாக்கோபுஸ் என்று எழுதப்பட்டவரை வீட்டில் ஜேம்ஸ் என்று கூப்பிட்டிருப்பார்கள், கரோலுஸ் என்றால் சார்லஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஆனால் இந்த ஏடுகளில் ஒரு வரம் இருக்கிறது: ஞானப் பெற்றோரின் பெயர். அயர்லாந்தில் பல ஏடுகளில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். ஞானப் பெற்றோராக நிற்பவர் பெரும்பாலும் மாமாவோ சித்தியோ அத்தையோதான். ஐந்து பிள்ளைகளின் ஞானப் பெற்றோர் பத்துப் பேரை ஒரு தாளில் எழுதினால், பாதிச் சொந்தக்காரர்கள் அங்கேயே வந்துவிடுவார்கள்.

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயத்தில் இல்லையென்றால் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், குவேக்கர் சபைகளையும் பாருங்கள். 1837இல் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசுப் பதிவு தொடங்கியதும் இப்படிப்பட்ட சபைகளின் பல ஏடுகளை அரசு வாங்கிச் சேர்த்தது, அவை லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

படி 5: போட்டியாளர்களை ஒவ்வொருவராகக் கழியுங்கள்

பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்று ஆகிவிடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரே பங்கில் ஒரே பத்தாண்டில் மூன்று எலிசபெத்துகள் இருப்பார்கள். நமக்கு வேண்டியவளைத் தேர்ந்தெடுப்பது நம் வேலையில் பாதி. மற்ற இருவரும் நம் ஆள் இல்லை என்று காட்டுவது மீதிப் பாதி.

சரி, நம் பங்கில் பொருந்தும் ஆண்டுகளில் அதே குடும்பப் பெயரோடு இரண்டு எலிசபெத்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி 1830, முறையாக மணமான தம்பதியின் மகள். இன்னொருத்தி 1832, தாய் பெயர் மட்டும், தகப்பன் கட்டம் காலி, தொழில் கட்டத்தில் "மணமாகாதவள்". முதலாவதை எடுத்துக்கொள்ளத்தான் மனம் துடிக்கும், ஏனென்றால் அதில் தகப்பன் இருக்கிறார். அங்கேதான் அடக்கப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். 1833இல் மூன்று வயதில் அவள் இறந்துவிட்டாள் என்று இருந்தால் கதை முடிந்தது. நான் செய்யத் தவறியது இந்த ஒரே வேலையைத்தான்.

இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பது அக்காலத்தில் சாதாரணம். ஒரே தம்பதிக்கு இரண்டு வில்லியம் இருந்தால் மூத்தவனின் அடக்கத்தைத் தேடுங்கள். வளர்ந்து ஆளான போட்டியாளர்களை வேறு வழியில் கழிக்க வேண்டும்: அவர் யாரை மணந்தார், 1851இல் எங்கே இருந்தார், எங்கே இறந்தார் என்று அவருக்கு ஒரு தனி வாழ்க்கையைக் கட்டிவிட்டால் அவர் உங்கள் ஆள் இல்லை என்பது நிலைநின்றுவிடும். கழிக்க முடியாதவர் ஒருவர் மிஞ்சினால் உங்கள் முடிவு இன்னும் முடிவல்ல.

படி 6: ஓரத்தில் நிற்கிறவர்களைக் கேளுங்கள்

எலிசபெத்தின் தாய் கிடைத்துவிட்டாள். இப்போது உண்மையான மர்மம் தகப்பன். அவன் பெயர் இதுவரை எங்கேயும் இல்லை.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்துத் திருமணப் பதிவில் மணமக்களின் தகப்பன் பெயரும் தொழிலும் உண்டு. திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் அந்தக் கட்டத்தில் மூன்றில் ஒன்றைச் செய்வார்கள்: காலியாக விடுவார்கள், தாத்தாவின் பெயரைக் கொடுப்பார்கள், அல்லது உண்மையான தகப்பன் பெயரைச் சொல்வார்கள். எலிசபெத் 1853இல் மணந்தபோது தாத்தாவின் பெயரைக் கொடுத்தாள் என்று கொள்வோம். ஏமாற்றம்தான். ஆனால் சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள். ஒருவர் கோயில்குட்டி, அதாவது ஆலயப் பணியாள், அவருடைய பெயர் அந்த ஏட்டின் எல்லாப் பக்கத்திலும் இருக்கும், அவரை விட்டுவிடலாம். இன்னொருவர் அந்தப் பங்கில் யாருக்கும் இல்லாத ஒரு குடும்பப் பெயருடையவர். அவர் யார், ஏன் வந்தார்?

அவரை 1851 கணக்கெடுப்பில் தேடினால் பக்கத்துப் பங்கில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சராக இருக்கிறார். எலிசபெத்தின் முதல் மகனுடைய ஞானஸ்நானத்தைப் பாருங்கள்: பையனின் நடுப்பெயராக அதே குடும்பப் பெயர். இங்கிலாந்தில் குடும்பப் பெயரொன்றை நடுப்பெயராக வைத்தால் அது எங்கிருந்தோ வந்த பெயர்தான், பெரும்பாலும் தாயின் வழியில். தன் தகப்பன் பெயரைத் தன்னால் சொல்ல முடியாத ஒரு பெண் அதைத் தன் மகனுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். இப்படிப்பட்ட இடங்களில்தான் இந்த வேலையை விட மனம் வராமல் போகிறது.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பெயர் வைப்பதில் ஒரு வழக்கு உண்டு. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். எல்லோரும் பின்பற்றியதில்லை. தேட வேண்டிய திசையை அது காட்டும், சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 7: ஆலயப் பெட்டியைத் திறங்கள்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று ஏடுகளோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் செலவும் பங்கினுடையது. அதற்கான காகிதங்களை ஆலயத்தில் ஒரு பெட்டியில் பூட்டி வைத்தார்கள். இன்று பெரும்பாலானவை அந்தந்தக் கவுண்டி ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

மணமாகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் அந்தச் செலவு பங்கின் தலையில் விழும். எனவே பங்கு அலுவலர்கள் அவளை நீதிபதி முன் நிறுத்தித் தகப்பன் யார் என்று கேட்டு எழுதினார்கள். பிறகு அவனைப் பிடித்துப் பராமரிப்புச் செலவுக்குப் பிணைப்பத்திரம் வாங்கினார்கள். அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்பதை நினைக்காமல் அந்தத் தாள்களைப் படிக்க முடியாது. ஆனால் தகப்பன் பெயர் எழுத்தில் நிற்கும் இடம் பல வேளைகளில் அது ஒன்றுதான். 1834இல் ஏழைகள் சட்டம் மாறியபின் இந்த முறையும் மாறியது. அதற்குப் பிந்தைய வழக்குகளுக்கு நீதிமன்றப் பதிவுகளைப் பார்க்க வேண்டும்.

1662 குடியிருப்புச் சட்டத்தின்படி ஓர் ஏழை எந்தப் பங்குக்கு உரியவர் என்று விசாரித்து, உரிய இடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த விசாரணைத் தாளில் அவர் எங்கே பிறந்தார், யாரிடம் வேலை பார்த்தார், எப்போது மணந்தார் என்று ஒரு வாழ்க்கையே இருக்கும். திடீரென்று முளைத்தவர் ஏழையாக இருந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

எலிசபெத்தின் பங்குப் பெட்டியில் 1832ஆம் ஆண்டுப் பிணைப்பத்திரம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஆள் அந்தச் சாட்சித் தச்சரின் அண்ணன். திருமணத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் அவளுடைய சித்தப்பா. மொத்தக் கதையும் ஒரு நொடியில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுகிறது.

படி 8: ஏடே இல்லை என்றால்

சில இழப்புகளை முன்பே தெரிந்துகொண்டால் வீணாக அலைய வேண்டாம். அயர்லாந்தின் பொது ஆவணக்காப்பகம் 1922இல் டப்ளினில் நடந்த சண்டையில் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. 1861 முதல் 1891 வரையானவற்றை அதற்கு முன்பே அரசே அழித்திருந்தது. நாடு முழுவதற்கும் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்புகள் 1901, 1911 ஆகியவை. இரண்டையும் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் படங்கள் அயர்லாந்துத் தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசம். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு 1921 தீவிபத்தில் பெரிதும் சேதமாகி, மீதியும் பின்னர் அழிக்கப்பட்டதால் கிட்டத்தட்ட முழுதும் இல்லாமல் போனது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942இல் எரிந்துபோனது, 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29இல் எடுத்த மக்கள் பெயர்ப் பதிவேடு ஓரளவு நிரப்பும். பிரிட்டனில் கணக்கெடுப்பு ஏடுகளை 100 ஆண்டுகளும் அமெரிக்காவில் 72 ஆண்டுகளும் மூடி வைப்பார்கள். அதனால் 1921ம் 1950ம்தான் அந்தந்த நாட்டில் அண்மையில் திறந்தவை, இரண்டும் 2022இல்.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. தாமதம்தான், ஆனால் பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரை அங்கே விடாமல் எழுதியிருப்பார்கள்.

படி 9: முடிவை எழுதுங்கள், ஐயத்தோடு சேர்த்து

எல்லாம் கிடைத்த பிறகு, முடிவை ஒரு பக்கத்தில் வாக்கியங்களாக எழுதுங்கள். மரத்தில் பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்தால் ஐந்து ஆண்டு கழித்து உங்களுக்கே ஏன் என்று தெரியாது. எலிசபெத்துக்கு இப்படி எழுதலாம்: 1841 வயதுகள், 1851இல் பேத்தி என்ற சொல், 1832 ஞானஸ்நானம் ஆகியவற்றால் தாய் உறுதி. மற்ற எலிசபெத் 1833இல் இறந்ததால் விலக்கு. பிணைப்பத்திரம், 1853 திருமணத்தின் சாட்சி, மகனின் நடுப்பெயர் என வெவ்வேறு காரணத்துக்காக வெவ்வேறு ஆட்கள் எழுதிய மூன்று பதிவுகளும் ஒரே குடும்பத்தைக் காட்டுவதால் தகப்பன் மிகவும் உறுதி. முரண்பாடு: திருமணப் பதிவில் தாத்தாவின் பெயர் உள்ளது. விளக்கம்: தாத்தாதான் வளர்த்தவர்.

முரண்பாட்டை மறைக்காமல் எழுதுவது முக்கியம். பிணைப்பத்திரம் கிடைக்காமல் போயிருந்தால்? அப்போது சாட்சியும் நடுப்பெயரும் மட்டுமே கையில் இருக்கும். அவை அந்தக் குடும்பத்தைக் காட்டும், அண்ணனா தம்பியா என்பதைக் காட்டாது. மரத்தில் தகப்பன் கட்டத்தைக் காலியாக விட்டு, குடும்பப் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். எந்தெந்த ஏடுகளை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்தீர்கள், எதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் கீழே குறியுங்கள். நாளை உங்கள் வீட்டில் ஒருவர் இதை எடுத்து உட்காரும்போது, பார்த்த ஏடுகளையே மறுபடி பார்க்காமல், பார்க்காத முதல் ஏட்டிலிருந்து தொடங்குவார்.